அண்ணன் குழி

6 அக்டோபர் 1993, புதன். திருச்சி

"உங்க அப்பா எப்படிப்பட்டவரும்மா?" பங்குச் சாமியார் காலையில் கேட்டார். அடக்கப் பூசைப் பிரசங்கத்தில் அவரைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டுமாம். என் கணவர் லாரன்ஸ் இறந்த பிறகு அப்பாவோடுதான் இருந்தேன். எந்த மாத்திரையை எதற்குப் பிறகு விழுங்குவார், செய்தித்தாளில் எந்தப் பக்கத்தைப் பிரிக்காமலே மடித்து வைப்பார் என்பதெல்லாம் தெரியும். சாமியார் கேட்டது அதையல்ல. "அமைதியானவர்" என்றேன். அவர் அதையே நீட்டி ஐந்து நிமிடம் பேசினார்.

நேற்று மாலை அப்பாவின் உடலைக் கோயம்புத்தூரிலிருந்து வேனில் கொண்டுவந்தோம். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அங்கேயே இடம் வாங்கி வைத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னத் திருச்சியில அண்ணன் குழியில போடு" என்றார். "அம்மா பக்கத்துல இடம் இருக்கேப்பா" என்றேன். "அண்ணன் குழி" என்றார் மறுபடி. எனக்குத் தெரிந்து ஒரு முறைகூடத் திருச்சிக்குப் போகாத மனிதர். கேட்டால், "அங்க யாரு இருக்கா?" என்பார்.

யாரோ இருந்தார்கள். பெரியப்பாவின் மனைவி வியாகுலம். மேலப்புதூரில் கோயிலுக்குப் பின்புறம் ஒரு லைன் வீட்டில் தனியாக இருக்கிறார். குழி அவர் பேரில் இருப்பதால் அவர் சம்மதம் வேண்டும் என்று பங்கிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்களாம். "கொண்டாரச் சொல்லு" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பினாராம்.

பழைய குழியைத் திறக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். குழிவெட்டி சின்னப்பன் சொன்னார்: "எலும்ப எடுக்கறப்ப நாங்க மட்டும் இருக்கக் கூடாதும்மா. நாளைக்கு ஒரு பேச்சு வரும்." நின்றேன். பழைய எலும்புகளை எடுத்து வெள்ளைத் துணியில் முடிந்து, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைத்தார்கள். அதற்கு முன் சின்னப்பன் எதையோ வேட்டியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். "எலும்போட கெடந்துச்சு. வீட்டுல குடுத்துருங்க."

தாலி. புறா உருவம் போட்டது. கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

7 அக்டோபர், வியாழன்

கல்லூரிக்கு விடுப்புத் தந்தி கொடுத்தேன். பெரியம்மா முப்பதாம் நாள் பூசை வரை இருக்கச் சொல்கிறார். "கோயம்புத்தூர்ல ஒனக்கு யாரு சோத்தப் பொங்கி வச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கா?" யாருமில்லை. இருக்கிறேன் என்றேன்.

9 அக்டோபர், சனி

நேற்று முழுக்கத் தூங்கினேன். இன்று கல்லறைக்குப் போய்ப் பழைய கல்லறைக் கல்லைப் பார்த்தேன். சாய்த்து வைத்திருக்கிறார்கள். "அருளப்பன். இராணுவ வீரர். பிறப்பு 1918. இறப்பு 1943." இருபத்தைந்து வயது.

விலங்கியல் நடத்துகிறேன். எலும்புக்கூடு பாடம் வருடாவருடம் என் பங்குக்குத்தான் வரும். புதன்கிழமை சின்னப்பன் துணியில் வைத்த தொடை எலும்பின் முழங்கால் பக்க முனை மூடி போலக் கழன்று தனியாக விழுந்தது. வளரும் வயதில் எலும்பின் முனை தனித் துண்டு. நடுவில் குருத்தெலும்பு இருக்கும். வளர்ச்சி நின்றதும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆண்களுக்கு இருபது வயதுக்குள் ஒட்டிவிடும். ஒட்டியது மண்ணில் கிடந்தாலும் கழலாது.

ஒரே ஒரு எலும்பு. அன்று மேகமூட்டம், நான் தூங்கியிருக்கவும் இல்லை. உடைந்த துண்டாகவும் இருக்கலாம். மாணவி ஒருத்தி இந்த ஆதாரத்தோடு வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

தாலியை இன்னும் பெரியம்மாவிடம் கொடுக்கவில்லை. சமயம் வாய்க்கவில்லை.

12 அக்டோபர், செவ்வாய்

பெரியம்மா சுற்றுவட்டாரக் கோயில்களுக்கு ஓஸ்தி சுட்டுக் கொடுக்கிறார். பூசையில் நன்மையாகக் கொடுக்கிறார்களே, அந்த மெல்லிய வட்ட அப்பம். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும், உப்புகூடக் கிடையாது. நீளக் காம்புள்ள இரும்பு அச்சில் ஊற்றி அழுத்த வேண்டும். ஆறிய தகட்டை ஈரத்துணிக்கு அடியில் கொஞ்சம் வைத்து, பிறகு வட்டம் வட்டமாக வெட்ட வேண்டும். என்னை வெட்டச் சொன்னார். பாதி நொறுங்கிவிட்டது.

"எம்மெஸ்ஸி படிச்சவ கையா இது?"

"எம்ஃபில்லும் முடிச்சிருக்கேன் பெரியம்மா."

"அதான் இன்னும் மோசமா இருக்கு."

நொறுங்கியதை இரண்டு பேரும் தின்றோம். ருசியே இல்லை. தின்றுகொண்டே கேட்டார்: "கடைசிக் காலத்துலயும் வாயத் தொறந்துக்கிட்டுத்தான் தூங்குனாரா? எடது கைய நெஞ்சுல வச்சுக்கிட்டு?"

ஆமாம் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அச்சைத் துடைக்கப் போனார்.

1943 வரை அண்ணன் குடும்பமும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். கொழுந்தன் எப்படித் தூங்குவான் என்று அண்ணிக்குத் தெரிந்திருக்கும்தான்.

15 அக்டோபர், வெள்ளி

ஒன்று நினைவுக்கு வருகிறது. எனக்கு ஏழு வயது இருக்கும். கோயம்புத்தூர் வீட்டுக்கு வெள்ளைச் சேலை கட்டிய பெண் ஒருத்தி வந்தாள். "பெரியம்மாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லு" என்றார்கள். சொன்னேன். அப்பா உட்காரவே இல்லை, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அம்மா காபி கொண்டுவந்தாள். வெயில் காலம். ஆனாலும் அம்மா முந்தானையை இழுத்து இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டே இருந்தாள். வந்தவள் காபியைக் குடித்தாள். என் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவேயில்லை. அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. அது வழக்கம்தான், அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

17 அக்டோபர், ஞாயிறு

பூசைக்குப் பெரியம்மாவோடு போனேன். நம்பிக்கையெல்லாம் இல்லை, துணைக்குத்தான். அவர் உட்காரும் இடம் பெண்கள் பக்கம், தூணுக்கு அடியில். வேறு யாரும் அங்கே உட்காருவதில்லை.

திரும்பி வரும்போது கேட்டேன்: "பெரியப்பா எப்படி இறந்தாரு?"

"வாந்திபேதி. லீவுல வந்தவரு. ரெண்டே நாளு."

"அப்பா அப்போ எங்க இருந்தாங்க?"

"எங்க இருந்தா ஒனக்கென்ன? குடையப் புடி, தூறுது."

தூறவில்லை.

20 அக்டோபர், புதன்

அப்பாவைப் பற்றித் தெரிந்தவற்றை எழுதிப் பார்க்கிறேன், பாடத்துக்குக் குறிப்பெடுப்பதுபோல. எழுந்ததும் போர்வையை நான்கு மூலையும் சமமாக மடித்துக் கால்மாட்டில் வைப்பார். மில்லில் மாஸ்டர் வேலைதான், ஆனாலும் ஷூவைத் தினமும் தேய்ப்பார். ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "தேவசகாயம், வயசு அறுபத்தேழுன்னா போட்டிருக்கு? பார்த்தா எழுபத்தஞ்சு சொல்லலாமே" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நன்றாகக் கவனித்துக்கொள்ளவில்லை என்று குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

லாரன்ஸ் இறந்த அன்று அப்பா சொன்னது இன்னொன்று. "தாலியக் கழட்ட அவசரப்படாத. கொஞ்ச நாள் இருக்கட்டும்." நான் கேட்கவில்லை. எனக்குச் சடங்குகளில் பிடிப்பு இல்லை. யாரையும் அழைக்காமல், எதுவும் வைத்துக்கொள்ளாமல் முடித்தேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

இதையெல்லாம் ஏன் ஒரே பக்கத்தில் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

21 அக்டோபர், வியாழன்

மழை. ஓஸ்தி காயவில்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. தைலம் தேய்த்துவிட்டேன்.

24 அக்டோபர், ஞாயிறு

மதியம் சாப்பிட்ட பிறகு கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "குழியில இருந்துச்சு. அன்னைக்கே குடுத்திருக்கணும்."

பெரியம்மா வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். புறாவின் இறக்கையை நகத்தால் சுரண்டினார். மண் உதிர்ந்தது.

"எலும்பப் பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன பாத்த?"

அந்த நேரத்தில் பொய் சொல்லியிருக்கலாம். "சின்னப் பையன் எலும்பு பெரியம்மா" என்றேன். "பதினேழு, பதினெட்டுக்கு மேல இருக்காது."

"பதினேழு" என்றார். "பரவால்ல, படிச்சிருக்க."

பிறகு சொன்னார். நடுவில் எழுந்துபோய் வாசலைச் சாத்திவிட்டு வந்தார், கேட்க யாரும் இல்லாதபோதும். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

பெரியப்பா அருளப்பன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தார். லீவு முடிந்ததும் பர்மா பக்கம் அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தது. லீவு முடிந்தது. அவர் போகவில்லை.

"ஏன் போகல?"

"பயந்தாருடி. வேற காரணம் ஒண்ணும் இல்ல. இருபத்தஞ்சு வயசு. பயந்தாரு."

வீட்டுப் பரணில் ஒளிந்தார். மிலிட்டரி போலீஸ் வந்து மாமனாரை மிரட்டிவிட்டுப் போனது. பரணுக்குச் சோறும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தது தம்பி. தேவசகாயம். "கடைசிப் புள்ள. என்னய அண்ணின்னு கூப்புட மாட்டான், அக்கான்னுதான் கூப்புடுவான். அவனுக்குத்தான் வாந்திபேதி வந்துச்சு."

பையன் இறந்த காலையில் மாமனார் யோசித்தார். ஒரு பிள்ளை போய்விட்டான். இன்னொரு பிள்ளையையாவது காப்பாற்றலாம். செத்தது பெரியவன் என்று சொல்லிவிட்டார். வாந்திபேதி வந்த வீட்டுக்குள் எவரும் வரவில்லை. முகத்தோடு சேர்த்துத் துணி சுற்றி, சுண்ணாம்பு கொட்டி, பெட்டியை வாசலில் வைத்தார்கள். சாமியார் தள்ளி நின்று தீர்த்தம் தெளித்தார். தெரு முழுக்க எதிர்ச்சாரியில் நின்று பார்த்தது.

"பொண்டாட்டி தாலி அறுக்காம எவன் நம்புவான்? பக்கத்து வீட்டு லூர்தம்மா, அவளும் அறுத்தவ, அவ ஒருத்திதான் பயப்படாமக் கிட்ட வந்தா. வாசல்ல வச்சு எடுத்தா. எடுத்து அந்தப் பையன் நெஞ்சுல வச்சா. நான் கதறுனேன். அது நடிப்பில்ல கிளாரா. அந்தப் புள்ளைக்காக அழுதேனா, தாலிக்காக அழுதேனான்னு எனக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவரு மேல பரண்ல இருந்தாரு. எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு."

கொஞ்ச நாளில் அருளப்பன் தாடி வளர்த்துக்கொண்டு, தம்பி பேரில், தம்பியின் ஞானஸ்நானச் சான்றிதழோடு கோயம்புத்தூர் மில்லுக்குப் போய்விட்டார்.

என் பெயருக்கு முன்னால் இருக்கும் 'தே' பதினேழு வயதில் செத்த ஒரு பையனுடையது.

25 அக்டோபர், திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

26 அக்டோபர், செவ்வாய்

இன்று வெட்டிய ஓஸ்தியில் ஒன்றுகூட நொறுங்கவில்லை. பெரியம்மா கவனித்தார்.

27 அக்டோபர், புதன்

கேட்காமல் இருக்க முடியவில்லை. "உங்களை ஏன் கூட்டிட்டுப் போகல?"

"சண்ட முடியட்டும், கூப்புடறேன்னாரு. நானும் இருந்தேன். வெள்ளச் சேலையக் கட்டிக்கிட்டு, புருஷன் உசுரோட இருக்கான்னு நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு இருந்தேன். தெருவுல என்னயப் பாத்துப் பரிதாபப்படுவாளுக. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பா வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஓலை வாசிச்சாங்க."

கத்தோலிக்கத் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று. பெண் வீட்டுப் பங்கில் மட்டுமல்ல, மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற பங்கிலும் வாசிக்க வேண்டும். அப்பா தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்றது இங்கே, மேலப்புதூரில். கோயம்புத்தூர்ச் சாமியார் எழுதிக் கேட்டிருக்கிறார். அப்பா அதை நினைத்துப் பார்க்கவில்லை. அல்லது நினைத்துப் பார்த்து, பேசாமல் இருந்துவிட்டார்.

"தூணுக்கு அடியில உக்காந்திருந்தேன். தேவசகாயத்துக்கும் பிரகாசிக்கும்னு, ஒங்கம்மா பேரச் சொல்லி, சாமியார் வாசிச்சாரு. மொத ஞாயிறு எனக்கு வேற யாரோன்னுதான் பட்டுச்சு. ரெண்டாவது ஞாயிறு மாமியார் எங்கையப் புடிச்சிக்கிட்டாங்க. மூணாவது ஞாயிறு சாமியார் தடை இருக்கான்னு கேட்டுட்டு, தலையத் தூக்கிக் கோயிலச் சுத்திப் பாத்தாரு."

"நீங்க எதுவும் சொல்லல."

"சொல்லியிருந்தா? சண்ட முடியல. பட்டாளத்துல இருந்து ஓடி வந்தவரு, தூக்கிட்டுப் போயிருப்பான். மாமனாரையும் சேத்து." அச்சிலிருந்து தகட்டைப் பிரித்து எடுத்தார். "அதுவும் போக, என்னன்னு சொல்றது? நான் தாலி அறுத்தவ. அறுத்தவளுக்குப் புருஷன் ஏது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் வேறு பக்கம் பார்த்தேன். அந்த மூன்று ஞாயிறுகளில் யாராவது வாயைத் திறந்திருந்தால் நான் பிறந்திருக்க மாட்டேன்.

28 அக்டோபர், வியாழன்

"எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு நெனச்சுத்தான் ஒங்க வீட்டுக்கு வந்தேன், பாத்துட்டுப் போவோம்னு. காபிய வச்சுட்டு நிமுந்தா. என் கழுத்தப் பாத்தா. பாத்துட்டுத் தன் தாலிய எடுத்து ரவிக்கைக்குள்ள விட்டுக்கிட்டா."

பதினைந்தாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அதில் இரண்டு பேருக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. அம்மா போன பிறகு அப்பாவோடு அத்தனை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டேன். ஒரு நாள்கூட அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கத்தை எனக்கு யாரும் பழக்கவில்லை.

30 அக்டோபர், சனி

"அண்ணன் குழியில போடு" என்றாரே, அது தம்பியின் குழி. பெரியம்மாவிடம் சொன்னேன்: "உங்க பக்கத்துல இருக்கணும்னு வந்திருப்பாரோ?"

"அட போடி. எனக்காக வந்தாருன்னா நெனக்கிற? தம்பி செத்தப்ப எறங்கி வராம பரண்லயே கெடந்தாருல்ல, அதுக்காக வந்திருக்காரு. அந்தக் குழி எனக்குன்னு வச்சிருந்தது. குடுத்துட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒன்றும் இல்லை. பிறகு, "எனக்கு நீ ஒண்ணு செய்யணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கல்லறைத் திருநாள். அன்று தாலியைக் கட்டிக்கொண்டு கல்லறைக்கு வருவாராம். அப்பாவின் தலைமாட்டில் வைத்து நான் அதை எடுக்க வேண்டும். "ஒரு தடவ பொய்யா எடுத்தாச்சு. அம்பது வருஷம் பொய்க்கு வெள்ள கட்டியாச்சு. இப்பத்தான் நெசமாப் போயிருக்காரு. நெசமா எடுக்கணும்."

"நான் எதுக்கு? வேற யாராவது..."

"அறுத்தவதான் எடுக்கணும். நம்ம வீட்டுல அறுத்தவ நீ ஒருத்திதான இருக்க?"

முடியாது என்றேன். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன். அது உண்மையான காரணம் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

"அத நான் எடுத்தா, எங்கம்மா யாரு பெரியம்மா?"

"ஒங்கம்மாவும் தாலி கட்டுனவதான். அவளத எடுக்கச் சொன்னனா? என்னோடத எடுக்கச் சொல்றேன்."

"ஊர்ல நாலு பேர் பாப்பாங்க."

"அன்னைக்கும் பாத்தாங்க."

வாக்குவாதம் நீண்டது. நான் குரலை உயர்த்தினேன். எனக்குக் குரலை உயர்த்தத் தெரியும் என்பதே எனக்குப் புதிது.

31 அக்டோபர், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பெரியம்மா தனியாகப் போனார். திரும்பி வந்து பேசவில்லை. நானும் பேசவில்லை. இந்த மௌனம் எனக்குப் பழகியது. இங்கே வந்தும் இதையே செய்கிறேன்.

1 நவம்பர், திங்கள்

பெட்டியைக் கட்டிவிட்டேன். நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் கோயம்புத்தூர். முப்பதாம் நாள் பூசைக்கு நான் இருக்க வேண்டும் என்பதில்லை. அப்பாவுக்காக வைக்கும் பூசையில் சாமியார் எந்தப் பேரைச் சொல்லி மன்றாடுவார்? பெரியம்மாவிடம் சொன்னேன்.

"கெளம்பறதுன்னா கெளம்பு. இட்டிலி ஊத்தி வைக்கிறேன், சாப்புட்டுப் போ."

நான் யோசித்துத்தான் முடிவு செய்திருக்கிறேன். அந்தத் தாலியைத் தொட்டால் அம்மாவை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு மறு பக்கம் போய் நிற்பதுபோல் ஆகும். அம்மா செத்து எவ்வளவோ வருடமாகிவிட்டது. அவள் சார்பாகப் பேச நான் ஒருத்திதான் இருக்கிறேன். பெரியம்மா சார்பாகப் பேசவும் யாருமில்லை என்பது உண்மைதான். ஆனால் அது என் தவறில்லை.

மாலையில் பெரியம்மா மஞ்சள் கயிறு வாங்கி வந்தார். என் கண்ணில் படும்படி வைக்கவில்லை. மறைக்கவும் இல்லை.

2 நவம்பர், செவ்வாய்

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு எழுந்தேன். குளித்தேன். இட்லி சாப்பிட்டேன். பெரியம்மா உள்ளறையில் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. கையைத் தூக்கிப் பிடரிக்குப் பின்னால் முடிச்சுப் போட முயன்றுகொண்டிருந்தார். தோள் வலி, கை எட்டவில்லை. கயிற்றை முன்னால் இழுத்து நெஞ்சுப் பக்கம் முடிச்சுப் போட்டு, பிறகு பின்னால் தள்ளிவிட்டார். மூன்று முடிச்சு. ஒவ்வொன்றுக்கும் நேரமெடுத்தது. யாரையும் கூப்பிடவில்லை.

பெட்டியை வாசலில் எடுத்து வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமானது. பிறகு பஸ் போயிருக்கும்.

"என்ன, போகலயா?"

"மத்தியான பஸ்ல போறேன்."

"ம்."

கல்லறையில் நல்ல கூட்டம். எல்லாக் குழிகளிலும் செவ்வந்திப்பூ, மெழுகுவர்த்தி. காற்றில் அணைந்து அணைந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் மண் இன்னும் இறங்கவில்லை, மேடாகத்தான் இருந்தது. பெரியம்மா தலைமாட்டில் நின்று முந்தானையை விலக்கினார். வெள்ளை ரவிக்கைமேல் மஞ்சள் கயிறு. பக்கத்துக் குழிக்காரப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி, "இது என்ன கூத்து?" என்றாள், காதில் விழும்படி.

பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் எவ்வளவு நேரம் சும்மா நின்றேன் என்று சொல்ல முடியாது. பிறகு பின்னால் போனேன். முடிச்சுகள் இறுகியிருந்தன. நகத்தை விட்டு நெம்ப வேண்டியிருந்தது. இரண்டாவது முடிச்சில் நகம் ஒன்று உடைந்தது. அவர் பிடரியில் பூத்திருந்த வியர்வை என் விரலில் ஒட்டியது. மூன்றாவதும் அவிழ்ந்தது. கயிறு வழுக்கி என் கைக்குள் வந்தது.

அவர் சத்தம் போடவில்லை. மூச்சு மட்டும் ஒரு முறை பெரிதாக வந்தது.

சாமியார் குழி குழியாக மந்திரித்துக்கொண்டு வந்தார். "பேரு சொல்லுங்க" என்றார். பெரியம்மா வாயைத் திறந்தார், வரவில்லை. நான் சொன்னேன்: "அருளப்பன். தேவசகாயம்." இரண்டு பேரும் அங்கேதான் இருக்கிறார்கள். சாமியார் இரண்டு பேருக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டு நகர்ந்தார்.

திரும்பி நடந்து வந்தோம். கோயில் முனையில் பெரியம்மா கேட்டார்:

"ஒனக்கு யாரு எடுத்தா?"

"நானேதான்."

"எங்க வச்சு?"

"ஆஸ்பத்திரி பாத்ரூம்ல. கதவச் சாத்திட்டு."

நின்றுவிட்டார். "ஒத்தையிலயா?"

"ஆமா."

திட்டுவார் என்று நினைத்தேன். "தண்ணி யாரு ஊத்துனா?" என்றார். தாலி எடுத்தவளுக்கு மற்றப் பெண்கள் தலையில் தண்ணீர் ஊற்றிக் கூட்டிப்போவது வழக்கம். யாரும் ஊற்றவில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறம் துவைக்கிற கல்லைக் காட்டினார். "உக்காரு." வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பல காரணங்கள் இருந்தன. உட்கார்ந்தேன். சேலையோடு, தலையோடு ஊற்றினார். தண்ணீர் சில்லென்றிருந்தது. ஊற்றி முடித்ததும் செம்பை என் கையில் கொடுத்துவிட்டு அவர் கல்லில் உட்கார்ந்தார். நான் ஊற்றினேன். அவர் அழுதாரா தெரியவில்லை, முகமெல்லாம் தண்ணீர்.

மத்தியான பஸ்ஸுக்கும் போகவில்லை. இரண்டு சேலையையும் பிழிந்து கொடியில் போட்டேன். பெட்டியை வாசலிலிருந்து உள்ளே எடுத்து வைத்தேன். பெரியம்மா ஓஸ்திக்கு மாவு கரைக்கச் சொன்னார். கரைத்தேன்.